புல்தரைக்கு ஓட்டை போடும் முன்

வீட்டு முன்னால் உள்ள புல் மஞ்சளடித்தால் முதலில் ஹோஸ் பைப்பைத் திறப்போம், அதிலும் தேறாவிட்டால் ஒரு கை யூரியாவை வீசுவோம். தண்ணீரோ மண்ணுக்குள் இறங்காமல் குட்டையாக நிற்கும், இல்லாவிட்டால் கேட்டுக்கு அடியில் தெருவுக்கு ஓடும். இதில் புல்லுக்குக் குறைவது தண்ணீரும் இல்லை, உரமும் இல்லை. காற்று. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி வெற்றிடம். அந்த இடத்தைத்தான் காற்றும் நீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நடந்து நடந்து அது நசுங்கிவிட்டால் வேர் மூச்சு முட்டி மேலாகவே படர்ந்து நின்றுவிடும்.

இறுகிய மண்ணில் சின்னச் சின்ன ஓட்டை போட்டால் காற்றும் நீரும் வேருக்கு இறங்கும். அதற்காக உடனே ஓட்டை போடக் கிளம்பிவிடக் கூடாது. மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமலே குத்த ஆரம்பிப்பவர்கள் நிறையப் பேர். முந்தின நாள் தண்ணீர் விட்ட இடத்தில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்துங்கள். நாலு அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது: நிழல், வேர்ப்புழு, ஒட்ட வெட்டியது, இப்படி ஏதாவது. இரண்டு அங்குலத்தில் ‘டக்’கென்று நின்றால் அந்த இடத்தில் ஒரு அடிக்குத் தோண்டிப் பாருங்கள். புதுசாகக் கட்டிய வீடுகளில் செங்கல் சில்லு, சிமெண்ட் கட்டி, ஜல்லி எல்லாம் அங்கே தூங்கும். அதன்மேல் நாலு அங்குலம் செம்மண் கொட்டி, ரோலர் உருட்டி, கொரியன் புல்லைப் பாய் போல விரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படிப்பட்ட தரையில் எத்தனை ஓட்டை போட்டாலும் வீண். புல்லைப் பெயர்த்து, இடிபாட்டை அள்ளிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் செய்கிற தவறு. கம்பியால் குத்துவது. அடியில் ஆணி வைத்த செருப்பைக்கூட விற்கிறார்கள். மாட்டிக்கொண்டு நடந்தால் வேலை முடிந்ததாம்! களிமண் உருண்டையில் ஒரு பென்சிலைக் குத்தி எடுத்துப் பாருங்கள். ஓட்டையின் சுவர் வழவழவென்று மினுங்கும். அங்கிருந்த மண் எங்கும் போகவில்லை, பக்கவாட்டில் இன்னும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறது. மணல் கலந்த மண்ணில் இது பரவாயில்லை. களியில் கெடுதல்தான் மிச்சம்.

மண்ணை வெளியே எடுக்க வேண்டும். அரை அங்குல ஜி.ஐ. பைப்பில் மூன்றடி வெட்டி, அடி விளிம்பைத் தீட்டி, மேலே குறுக்குப் பிடி வைத்து லேத் பட்டறையில் பற்றவைத்து வாங்கினேன். விளிம்புக்கு ஒரு சாண் மேலே பைப்பின் ஒரு பக்கத்தை ஜன்னல் மாதிரி அறுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்த குத்து முந்தின மண்ணை மேலே தள்ளும்; சுண்டுவிரல் தடிமனில் அது ஜன்னல் வழியாக விழும். என் முதல் பைப்பில் ஜன்னல் இல்லை. பத்துக் குத்துக்கு ஒருமுறை கம்பி விட்டு நோண்டியே இடுப்பு போயிற்று.

ஆழம் இரண்டிலிருந்து மூன்று அங்குலம், இடைவெளி மூன்று அங்குலம். அடிக்கு ஒரு ஓட்டை என்று கணக்குக்குப் போட்டால் புல்லுக்குத் தெரியவே தெரியாது. சதுர அடிக்குப் பதினாறு என்றால் 200 சதுர அடிக்கு 3,200 குத்து. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். அதிகம் மிதிபட்ட இடத்தை மட்டும் செய்தாலும் போதும். சொட்டுநீர்க் குழாய், மோட்டார் ஒயர் போகிற வழியை மட்டும் முதலில் குச்சி நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள்.

ஈரத்தில் நானே சறுக்கினேன். ஐப்பசி மழை விட்ட மறுநாள் மண் இளக்கமாக இருக்கிறதே என்று இறங்கினேன். பைப்புக்குள் மண் பசையாக அப்பிக்கொண்டது. போதாததற்கு என் குதிகால் பதிந்த இடமெல்லாம் ஓட்டையைவிட ஆழமாக இறுகியது. முதல் நாள் நீர் விட்டு, மறுநாள் பிடித்துப் பிசைந்தால் கையில் ஒட்டாமல் உதிர்கிற பதம்தான் சரி. கத்திரி வெயிலில் குத்தினால் திறந்த வேர் காய்ந்துவிடும். மார்கழிக் குளிரில் அருகு, கொரியன் எல்லாம் மந்தமாகவே வளரும், காயம் ஆற நாளாகும். ஆடிக் கடைசியிலிருந்து ஆவணிவரை வசதி: வெக்கை தணிந்திருக்கும், புல் ஓடுகிற நேரம், வடகிழக்கு மழை வருவதற்குள் தரை மூடிக்கொள்ளும்.

விழுந்த மண்துண்டுகளைக் குப்பை என்று வாரிவிடாதீர்கள். இரண்டு நாள் காய்ந்ததும் வாரியலின் பின்பக்கத்தால் தட்டினால் பொடியாகும். அதன்மேல் சலித்த மக்கு உரத்தைக் கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் தூவித் துடைப்பத்தால் ஓட்டைக்குள் தள்ளுங்கள். மீந்த எம்-சாண்டைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அதிலுள்ள கல்தூள் களியோடு சேர்ந்து பூச்சு மாதிரி இறுகும். ஜிப்சம் போட்டால் மண் இளகும் என்பதும் அரைகுறை. சோடியம் ஏறிய களர் மண்ணில் அதற்கு வேலை உண்டு, மிதிபட்டு இறுகிய மண்ணில் இல்லை.

இத்தனையும் செய்து ஒரு மாதத்தில் எங்கள் தரை நன்றாகத் தேறியது, கேட்டிலிருந்து மோட்டார் சுவிட்சுக்குப் போகிற ஓர் ஒற்றையடித் தடத்தைத் தவிர. தினம் ஆறு தடவை நாங்களே நடக்கிற வழி அது. இரண்டாம் முறையும் குத்திப் பார்த்துவிட்டு, அதில் மட்டும் எட்டுக் கடப்பைக் கல்லைப் பதித்துவிட்டேன்.