‘அவவின்ர குணமே மாறிப்போச்சு’ என்று சொல்வதற்கு முன்

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமிக்கு 47 வயதில் திடீரென்று கோபம் வரத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் சொட்டினால் அழுகை, பிள்ளை கதவை அடித்துச் சாத்தினால் சண்டை. “இந்த வயசில பொம்பிளையளுக்கு உப்பிடித்தான்” என்று மாமா விட்டுவிட்டார். எனக்கு நினைவில் நிற்பது தேத்தண்ணிக் கோப்பை. மாமி நீட்டும்போது அது தட்டில் கடகடவென்று ஆடும். நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போனார். நடுக்கத்தையும் மெலிவையும் கோபத்தோடு சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தது.

மனதை மட்டும் பார்த்து உடம்பைப் பார்க்காமல் விட்டதுதான் எங்கள் தவறு. தைரொயிட் குறைவாகச் சுரந்தால் சோர்வு, மலச்சிக்கல், எடை கூடுதல். கொழும்பு வெயிலிலும் குளிரும். நீரிழிவுக்கான மெட்போமின் குளிசையை வருடக்கணக்காக எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து மனம் தளரலாம்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது தலைமயிருக்கு எடுக்கும் பயோட்டின் வில்லையைச் சொல்ல மறக்காதீர்கள். அது தைரொயிட் முடிவையே பிழையாகக் காட்டிவிடும்.

நீரிழிவுக்காரர் சாப்பாட்டு நேரம் தவறியதும் எரிந்து விழுந்தால் அவரோடு வாதாட வேண்டாம். இரத்தத்தில் சீனி 70 mg/dLக்குக் கீழே இறங்கியிருக்கலாம். வியர்வையும் நடுக்கமும் கூட வரும். மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பச் சோதியுங்கள். மயங்கியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

கோபமோ அழுகையோ எப்போது வருகிறது என்று குறிக்காமல் போவதும் பெரிய தவறு. மாதவிடாய்க்கு முந்திய வாரம் உடைந்துபோய், இரத்தப்போக்கு தொடங்கிய சில நாளில் தெளிகிறதா? இரண்டு மாதம் கலண்டரில் குறித்துக்கொண்டு போனால் வைத்தியருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பிள்ளை பெற்ற தாயின் அழுகை இரண்டு வாரம் தாண்டினால் ‘பச்சை உடம்பு’ என்று தள்ளிப்போடாதீர்கள். இழுப்புக்கு பிரட்னிசலோன் தொடங்கிய பிறகு மனம் மாறினாலும் சொல்லுங்கள். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்தக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்கு. மனம் சோர்ந்து விழுந்து கிடக்கும் நாட்களில்தான் வைத்தியரிடம் போகிறோம். நாலைந்து நாள் நித்திரையே இல்லாமல் துள்ளிக்கொண்டு, கடன் வாங்கிச் சாமான் குவித்து, ஓயாமல் கதைத்த நாட்களைப் பற்றி வாயே திறப்பதில்லை. அவை நல்ல நாட்கள் என்ற நினைப்பு. அது இருமுனைக் கோளாறாக, அதாவது அளவுமீறிய துள்ளலும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோயாக இருந்தால், மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுப்பது அந்தத் துள்ளலை இன்னும் கூட்டிவிடலாம். கூட இருப்பவர்தான் அதைச் சொல்ல வேண்டும்.

மனநல ஆஸ்பத்திரி இருக்கும் அங்கொடையைச் சொல்லி “அங்கொடைக்கோ?” என்று ஊர் கேட்கும் என்ற பயமும் இருக்கிறது, சரி. 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் கதைக்கலாம். சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், இரத்த முடிவு வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே எடுங்கள்.