மேய்ச்சல் நாட்டில் ஒரு இன்சூரன்ஸ் துப்பறியும் நாவல்: எழுத நினைப்பவர்களுக்கு

முதலில் ஊரை முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரு வரிகூட எழுத வேண்டாம். "அமெரிக்காவில் எங்கோ ஒரு மாட்டுப் பண்ணை" என்று ஆரம்பித்தால் பத்தாவது பக்கத்திலேயே கதை சினிமா கௌபாயின் தொப்பிக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

நான் சொல்லும் ஊர், நெப்ராஸ்கா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் செர்ரி கவுன்ட்டி (கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி). ஏறத்தாழ 15,500 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆறாயிரத்துக்கும் குறைவான ஜனங்கள். கவுன்ட்டி ஆபீஸ் இருப்பது வேலன்டைன் என்ற சிற்றூரில். அந்தப் பகுதியை சாண்ட்ஹில்ஸ் என்பார்கள்: கண்ணுக்கெட்டிய தூரம் மணல்மேடுகள், மேலே புல் போர்த்தியிருக்கும். புல் ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், காற்று அந்த ஓட்டை வழியாக மணலைத் தோண்டித் தோண்டிப் பெரிய பள்ளமாக்கிவிடும். அதற்கு அங்கே 'ப்ளோஅவுட்' என்று பெயர். அடியில் ஒகலாலா நிலத்தடி நீர் இருக்கிறது, காற்றாலை அதை இறைத்துத் தொட்டியில் விடும், மாடு வந்து குடிக்கும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பத்து மைல் இருக்கலாம். யாரும் எதையும் பார்க்காத ஊர் என்று தோன்றும், ஆனால் மண் ரோட்டில் புது ட்ரக் ஒன்று போனால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். துப்பறியும் கதைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, கதையைப் பிணத்திலிருந்து தொடங்காதீர்கள், க்ளெய்மிலிருந்து, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியிடம் இழப்பீடு கேட்கும் மனுவிலிருந்து தொடங்குங்கள். ஒரு பண்ணைக்காரர் ஃபாரத்தை நிரப்பி அனுப்பியிருக்கிறார்: கொட்டகை எரிந்தது, அல்லது மின்னல் தாக்கிப் பதினோரு மாடு செத்தது, அல்லது ஒரு பொலிகாளை பள்ளத்தில் விழுந்தது. ஃபாரத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் உண்மையாக இருக்கலாம், ஒரே ஒரு வரியைத் தவிர. அந்த வரி எது என்று உங்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். கொலை வேண்டுமென்றால் வரட்டும், ஆனால் அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய்த்தான் கொலை நடக்க வேண்டும். அப்போதுதான் இன்சூரன்ஸ்காரர் கதைக்குள் இருப்பதற்கு நியாயம் இருக்கும். இல்லையென்றால் அவரை எடுத்துவிட்டு ஒரு போலீஸ்காரரைப் போட்டாலும் கதை ஓடும், அப்படி ஓடினால் நாவல் தோற்றுவிட்டது என்று அர்த்தம்.

புலனாய்வாளரை ஐம்பது வயதுப் பெண்ணாக வைத்துக்கொள்வோம். மாநிலத்தின் பெரிய நகரமான ஒமாஹாவிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருகிறார். அவரால் யாரையும் கைது செய்ய முடியாது, சோதனை வாரன்ட் கிடையாது, துப்பாக்கி தேவையில்லை. ஆனால் கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபிடம் இல்லாத ஒரு ஆயுதம் அவரிடம் இருக்கிறது, அது பாலிசிப் பத்திரம். ஷெரிஃப் கேள்வி கேட்டால் ஒருவர் வாயை மூடிக்கொண்டு வக்கீலைக் கூப்பிடலாம், சட்டம் அவர் பக்கம். இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டால் அப்படி முடியாது, ஏனென்றால் பாலிசியிலேயே ஒத்துழைக்க வேண்டும், கணக்குப் புத்தகத்தைக் காட்ட வேண்டும், கேட்டால் சத்தியப்பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். மறுத்தால் சிறை இல்லை, பணம் போகலாம். பணம் வேண்டுமென்றால் பேச வேண்டும், பேசினால் மாட்டிக்கொள்ளலாம். ஒரு மேஜை, இரண்டு வக்கீல்கள், சுருக்கெழுத்தாளர் ஒருவர், நடுவில் வெயிலில் கறுத்த கைகளை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பண்ணைக்காரர். நாவலின் உச்சக்காட்சியாக இதை வைத்துப் பாருங்கள். துரத்தல் எதுவும் வேண்டியிருக்காது.

புலனாய்வாளருக்கு மேலிடத்திலிருந்தும் நெருக்கடி வேண்டும். ஆதாரமில்லாமல் க்ளெய்மை மறுத்தால் கம்பெனி மீது வழக்கு வரும், கொடுக்க வேண்டிய தொகையைவிடப் பெரிய தொகை போகலாம். அதனால் ஆபீஸிலிருந்து வரும் போன் எப்போதும் "சீக்கிரம் முடியுங்கள்" என்றுதான் சொல்லும்.

சரி, இப்போது தடயம். இந்த வகை நாவலின் உயிரே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நல்ல தடயம் என்பது பாலிசியின் ஒரு வரியும் நிலத்தின் ஒரு உண்மையும் ஒன்றோடொன்று மோதும் இடம். உதாரணத்துக்கு, புல் தானாகத் தீப்பிடிப்பது. அங்கே மாட்டுக்குக் கொடுப்பது நம் வைக்கோல் இல்லை, கோடையில் அறுத்துக் காயவைத்து உருளையாகக் கட்டி வைக்கும் புல். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே கட்டிவிட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செய்து சூடு ஏறும், சில சமயம் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் இந்த ஆபத்து பெரும்பாலும் கட்டிய முதல் ஆறு வாரத்துக்குள்தான். அதைத் தாண்டி உலர்ந்து அடங்கிய புல், மறுபடி நனைந்தால் ஒழிய, சும்மா இருக்கும். இதை ஒரு காட்சியாக எழுதினால் எப்படி இருக்கும்?

கிழவர் எரிந்த கொட்டகையைப் பார்க்காமல் அதற்கு அப்பால் இருந்த மேட்டைப் பார்த்தபடி சொன்னார். "புல்லு உள்ளயே சூடாகிப் பத்திக்கிச்சு மேடம். எங்கப்பா காலத்துலயும் ஒரு தடவை இப்படி ஆச்சு."

அவள் தீக்குத் தப்பிய ஒரு உருளைக் கட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். சுற்றியிருந்த வலையைக் கத்தியால் கிழித்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி உருவினாள். வெளிறிய பச்சை. முகர்ந்து பார்த்தாள். வெயிலில் காய்ந்த புல்லின் வாசனை, அவ்வளவுதான்.

"இதுவும் அதே அறுப்பா?"

"அதேதான். பூராவும் ஒரே வாரத்துல கட்டுனது."

"எப்ப?"

"போன ஜூலை." சொல்லிவிட்டு அவர் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். அது மே மாதம்.

இங்கே வாசகருக்கு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. உள்ளே சூடேறிய புல் பழுப்பாகி, புகையிலை மாதிரி, கருகிய சர்க்கரை மாதிரி வாசம் அடிக்கும் என்று முன்னால் எங்கேயாவது ஒரு பேச்சில் போகிறபோக்கில் சொல்லியிருந்தால் போதும், இந்தக் காட்சியில் விளக்கமே வேண்டாம். அப்புறம், உங்கள் எதிரிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்: ஏப்ரலில் கூரை ஒழுகிப் புல் நனைந்தது என்று அவர் சொல்லட்டும். ஒழுகியதா இல்லையா என்று தேடுவதிலேயே இரண்டு அத்தியாயம் நகரும்.

பனிப்புயலும் இப்படித்தான். புயலில் மாடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டே போகும், முள்கம்பி வேலி தடுத்தால் அங்கேயே ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிச் செத்துப்போகும். 2013 அக்டோபர் முதல் வாரத்தில் பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் மழையாக ஆரம்பித்துப் பனியாக மாறிய புயலில் பல்லாயிரம் மாடுகள் மாண்டன. குளிர்கால ரோமம் இன்னும் வளரவில்லை, கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. அப்போது பட்ஜெட் நிறைவேறாமல் அமெரிக்க அரசாங்கமே முடங்கிக் கிடந்தது, கால்நடை இழப்புக்கு ஈடு கொடுக்கும் அரசுத் திட்டமும் காலாவதியாகியிருந்தது. 2014இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் பின்தேதியிட்டுப் பணம் கிடைத்தது. இந்த வேதனையை மனதில் வாங்காமல் பண்ணைக்காரரை மோசடிக்காரராக எழுத உட்காராதீர்கள். உங்கள் புலனாய்வாளருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவோடு அவர் வந்து பார்க்கும்போது, வடமேற்குக் காற்று அடித்த புயலில் செத்ததாகச் சொல்லும் மாடுகள் வடக்கு வேலியோரம் கிடந்தால், அங்கே ஏதோ சரியில்லை.

மின்னல் க்ளெய்ம் எழுதுகிறவர்கள் கால்நடை மருத்துவரை ஒரு முக்கியப் பாத்திரமாக வையுங்கள். மின்னலில் செத்த மாட்டின் வாயில் மென்றுகொண்டிருந்த புல் அப்படியே இருக்கும், வேலியோரத்திலோ மரத்தடியிலோ கூட்டமாகக் கிடக்கும். ஆனால் சப்பை நோயும், அடைப்பானும், வயிறு உப்புசமும்கூட ஒரே இரவில் கொல்லும். சப்பை நோய் என்றால் தொடைத் தோலை அழுத்தினால் உள்ளே காற்று நறநறக்கும். மின்னலுக்குப் பாலிசி பணம் கொடுக்கும், நோய்க்குச் சாதாரணப் பாலிசி கொடுக்காது. தோலை அழுத்திப் பார்த்த கை உண்மையைச் சொல்லுமா? இருபது வருஷமாக அதே வீட்டில் காபி குடிக்கிற மருத்துவர் அவர்.

மாடு திருட்டு வைத்தால் சூட்டுக்குறி, அதாவது யாருடைய மாடு என்று காட்டத் தோலில் சூடு போட்டுப் பதிக்கும் அடையாளம், படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே, இதுதான் படிக்கும் முறை. படுத்துக் கிடக்கும் எழுத்துக்கு 'லேஸி' என்று பெயர், சோம்பேறி எஸ், சோம்பேறி கே. கீழே வளைகோடு போட்டால் 'ராக்கிங்'. ஒரே குறி இடது விலாவில் இருந்தால் ஒருவருடையது, வலது தொடையில் இருந்தால் வேறொருவருடையதாக இருக்கலாம். நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில் மாடு கைமாறினால் குறி சோதிக்கும் அதிகாரி வந்து பார்க்க வேண்டும், கிழக்குப் பகுதியில் அந்தக் கட்டாயம் இல்லை. திருடன் எந்தத் திசையில் லாரி ஓட்டுவான் என்று இப்போது தெரிந்திருக்கும். பல பாலிசிகளில் இன்னொரு விதிவிலக்கு உண்டு: திருடப்பட்டதாகக் காட்ட முடிந்தால் பணம், 'மர்மமான முறையில் காணாமல் போனால்' பணம் இல்லை. மர்மம் என்ற சொல்லே பத்திரத்தில் அச்சாகி இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம். செர்ரி கவுன்ட்டிக்குள்ளேயே இரண்டு நேர மண்டலங்கள் ஓடுகின்றன. கிழக்கே வேலன்டைனில் மணி 12.30 என்றால் மேற்கே மெரிமனில் 11.30. இதோடு பாலிசியைச் சேருங்கள். பெரும்பாலான சொத்துப் பாலிசிகள் நள்ளிரவு 12.01க்குத் தொடங்கும், அதுவும் பாலிசிதாரரின் அஞ்சல் முகவரி இருக்கும் ஊரின் 'ஸ்டாண்டர்ட் டைம்' கணக்கில். கோடையிலோ கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். வேலன்டைன் முகவரிக்கு ஒரு புதுப் பாலிசி ஜூலை மாதம் ஒரு நள்ளிரவில் தொடங்குகிறது. நள்ளிரவு கடக்கட்டும் என்று காத்திருந்து, சுவர்க்கடிகாரத்தில் 12.30க்கு ஒருவன் தீக்குச்சியைக் கிழிக்கிறான். ஸ்டாண்டர்ட் கணக்கில் அது முந்தின நாள் இரவு 11.30. பாலிசி உயிர்பெற இன்னும் 31 நிமிடம் இருக்கிறது. மேற்குப் பக்கத்துப் பண்ணைப் பெண் ஒருத்தி "பதினொன்றரைக்குத் தீயைப் பார்த்தேன்" என்று சொல்லியிருப்பாள். அது அவளுடைய ஊர் நேரம் என்று எல்லோரும் தள்ளிவிட்டிருப்பார்கள். அவள் சொன்னதும் பாலிசியின் நேரமும் ஒன்றாக இருப்பதை ஐந்நூறு மைல் தள்ளி இருக்கும் வாசகர் உங்கள் புலனாய்வாளருக்கு முன்னால் கண்டுபிடித்தால்கூடப் பரவாயில்லை, அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுங்கள்.

சாவு வந்தால் இன்னொரு உள்ளூர் உண்மை கைகொடுக்கும். நெப்ராஸ்காவில் கவுன்ட்டியின் அரசு வக்கீல்தான் மரண விசாரணை அதிகாரியும். சாவுக்குக் காரணம் என்னவென்று முடிவு செய்யும் பொறுப்பு டாக்டரிடம் இல்லாமல் தேர்தலில் நின்று ஜெயித்த ஒரு வக்கீலிடம் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டில் முதல் இரண்டு வருடத்துக்குள் சாவு என்றால் கம்பெனி விண்ணப்பத்தையே தோண்டிப் பார்க்கலாம். அதனால் இரண்டு வருடம் முடிந்து பதினேழு நாள் கழித்து நடந்த விபத்தைப் பார்த்ததும் புலனாய்வாளருக்கு உறுத்தும்.

தீயைப் பற்றிப் பழைய கதைகளில் படித்ததை நம்பாதீர்கள். வலைபோல விரிசல் விட்ட கண்ணாடி என்றால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்று ஒரு காலத்தில் சாட்சி சொன்னார்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் அப்படி ஆகும் என்று பின்னால் தெரிந்தது. 1992இல் முதலில் வெளிவந்த என்எஃப்பிஏ 921 என்ற தீ விசாரணை வழிகாட்டிக்குப் பிறகு இப்படிப்பட்ட நம்பிக்கைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கதை 1980களில் நடந்தால் அந்தத் தவறான சாட்சியால் ஒரு அப்பாவி மாட்டிக்கொண்டதாக வைக்கலாம்.

மனிதர்கள். எத்தனை மாடு இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று பண்ணைக்காரரிடம் நேரடியாகக் கேட்பது பாங்கு பாஸ்புக்கைக் கேட்பதற்குச் சமம். ஆனால் புலனாய்வாளரின் வேலையே அதைக் கேட்பதுதான். அந்தச் சங்கடம் ஒவ்வொரு பேட்டியிலும் இருக்கட்டும். கேட் திறந்திருந்தால் திறந்தே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்த வேண்டும். மே மாதம் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் சுற்றுவட்டாரமே வந்து வேலை செய்யும், மதியம் எல்லோருக்கும் சாப்பாடு. ஒரு குடும்பத்துக்கு யாரும் வரவில்லை என்றால் ஊர் தீர்ப்பு சொல்லிவிட்டது. உரையாடலைப் பொதுவான பேச்சுத் தமிழில் எழுதுங்கள், மதுரைத் தமிழோ கொங்குத் தமிழோ அவர்கள் வாயில் ஒட்டாது. ரேஞ்ச், ஷெரிஃப், ட்ரக் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பொலிகாளைக்கும் அலைதாடிக்கும் சப்பை நோய்க்கும் நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது அதை விட்டுவிடாதீர்கள்.

முடிவுக்கு வந்துவிட்டால் பாலிசியை இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். அடமானம் வைத்த சொத்து என்றால், சொந்தக்காரரே தீ வைத்திருந்தாலும் அடமானம் பிடித்த பாங்குக்குப் பாக்கித் தொகையைக் கொடுக்க வேண்டும் என்று வழக்கமான பாலிசியில் ஒரு பிரிவு இருக்கும். கிழவர் மாட்டிக்கொண்டார், பாங்குக்குக் காசோலை வந்தது, வீடு இனி யாருக்கு என்று தெரியாமல் அவருடைய மனைவி பாங்கு வாசலில் ட்ரக்கை நிறுத்திவிட்டு இஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், புலனாய்வாளர் தெருவைக் கடந்து அந்த ஜன்னலை நோக்கிப் போகிறார். கடைசிப் பக்கத்தை அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.