மகளுக்குப் பேறுகாலம், வலைப்பூவுக்கு யார் காவல்? விருந்தினரை எழுத வைத்த கதையும் முறையும்

2025 மாசிக் கடைசியில் மகளுக்கு வளைகாப்பு போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தோம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி மே 10. காலண்டரைப் புரட்டினால் எங்கள் மதுரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்குவது மே 12. வருஷம் முழுக்க நாலு பேர் எட்டிப் பார்க்கிற என் வலைப்பூவுக்குக் கூட்டம் வருவதே சித்திரைத் திருவிழாவில்தான். அந்த வாரம் பார்த்து நான் பத்திய ரசமும் பூண்டுக் குழம்புமாக நிற்கப்போகிறேன்.

ஞாயிறுதோறும் ஒரு பதிவு என்று 2012-இலிருந்து எழுதுகிறேன். மூன்று மாதம் நிறுத்தினால் திரும்ப உட்கார எனக்குக் கை வராது, அது எனக்கே தெரியும். அதனால் மற்றவர்களை எழுதச் சொன்னேன். புதிய யோசனை ஒன்றுமில்லை. ஒரு காலத்தில் தமிழ்ப் பதிவர்கள் நடத்திய வலைச்சரம் என்ற வலைப்பூவில் வாரம் ஒருவர் ஆசிரியராக உட்காருவார். நான் அதை என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தேன், அவ்வளவுதான். மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை பதின்மூன்று ஞாயிறு, அதுபோக அழகர் நாளுக்குத் தனியாக ஒன்று. ஞாயிற்றுக் கணக்கில் இரண்டு தவறியது. மற்றதெல்லாம் வந்தது. எப்படி என்று இரண்டு பேர் கேட்டதால் இந்தப் பதிவு. வலைப்பூ தொடங்குவது எப்படி என்று இதில் இருக்காது. ஏற்கெனவே ஒன்று வைத்திருப்பவர்களுக்குத்தான் இது.

கேட்கிற விதம்

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி: 'மூன்று மாதம் ஓய்வு எடுக்கிறேன். எழுத விருப்பமுள்ளவர்கள் எந்தத் தலைப்பிலும் எழுதி அனுப்பலாம்.' பதினாலு கட்டைவிரல் வந்தது. 'சூப்பர் அக்கா', 'கண்டிப்பா' என்றார்கள். ஒரு வரி வரவில்லை.

'எந்தத் தலைப்பிலும்' என்று சொன்னதுதான் கோளாறு. எழுதிப் பழகாதவரிடம் வெள்ளைத்தாளை நீட்டினால் அவர் தாஜ்மகாலைப் பற்றி யோசிப்பார், இல்லையென்றால் ஓடிவிடுவார். அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேள்வியாகக் கேட்டால் வாய் தானாகத் திறக்கும்.

தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கும் தம்பி வருஷா வருஷம் தோப்பறை என்கிற தோல் பையில் தண்ணீர் சுமந்து அழகருக்குப் பீச்சுகிறவர். 'திருவிழாவைப் பத்தி எழுதிக் குடுப்பா' என்றபோது, 'எனக்கு அதெல்லாம் வராதுக்கா' என்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன்: 'தோப்பறைல தண்ணி ரொப்பிட்டா எம்புட்டு கனம் இருக்கும்? வழியில தீந்து போச்சுன்னா எங்க ரொப்புவீங்க?' கால் மணி நேரம் நின்று பேசினார். சட்டையில் சுருக்கம் அப்படியே கிடந்தது. 'இப்ப சொன்னீங்கள்ல, அதைத்தான் எழுதணும்' என்றதும், 'இதையா? இதுல என்னக்கா இருக்கு?' என்றார். அந்த மூன்று மாதத்தில் அதிகம் பேர் படித்தது அவர் பதிவுதான்.

ஆகவே, ஆளுக்கு ஆள் தனியாகக் கேளுங்கள், குழுவில் கேட்காதீர்கள். மூன்று கேள்வி போதும், மூன்றுக்கு மேல் போனால் பரீட்சைத் தாள் ஆகிவிடும். நாள் சொல்லுங்கள்: 'பங்குனி உத்தரத்துக்குள்ள குடுத்துருங்க' என்று சொன்னால் நம் ஊரில் வேலை நடக்கும், 'ஏப்ரல் இரண்டாம் வாரம்' என்றால் நடக்காது. வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு பேரிடம் கேட்டு வையுங்கள். நான் இருபது பேரிடம் கேட்டேன், பன்னிரண்டு கைக்கு வந்தது.

எழுத வராதவர்களிடம் வாங்குவது

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மொட்டு எடுத்துவந்து எங்கள் தெருவில் கட்டி விற்கும் பூக்கார அக்கா. அவருக்கு எழுத்து அவ்வளவு ஓட்டம் இல்லை. போனில் பேசிப் பதிவு செய்யச் சொன்னேன். பதினோரு நிமிஷம் பேசி அனுப்பினார், நடுவில் ஒரு வியாபாரமும் நடந்திருக்கிறது. பேசினால் எழுத்தாக்கும் வசதியைக் கூகுள் விசைப்பலகையில் போட்டுப் பார்த்தேன். செய்தி வாசிப்பவர் மாதிரிப் பேசினால் அதற்குப் புரிகிறது, அக்கா பேச்சுக்கு அது கையை விரித்துவிட்டது. உட்கார்ந்து கேட்டுக் கேட்டு நானே தட்டினேன். ஒன்றரை மணி நேரம், வீண் போகவில்லை.

தப்பு செய்தது அதற்குப் பிறகு. அக்கா சொன்னது: 'மொட்டு வாயத் தொறந்துட்டா வெல வாய மூடிக்கிரும்.' நான் நல்ல தமிழாக்குகிறேன் என்று 'மொட்டு மலர்ந்துவிட்டால் விலை குறைந்துவிடும்' என்று மாற்றி வைத்தேன். வெளியிடுமுன் அவர் மகளிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னேன். மறுநாள் காலையில் வாழைநாரில் கண்ணி போட்டபடியே, தலையைத் தூக்காமல், 'அது நான் பேசுனது இல்லையே, டீச்சர் பேசுனது மாதிரியில்ல இருக்கு' என்றார். பழையபடியே போட்டேன்.

அன்றிலிருந்து என் வழக்கம் இதுதான்: ஒற்றெழுத்து, நிறுத்தற்குறி, ஊர்ப்பெயர், வருஷம் இவற்றை மட்டும் நான் திருத்துவேன். வாக்கியத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத்தான். வெளியாவதற்கு முந்தின நாள் முழுப் பதிவையும் அவருக்கு அனுப்பி, 'சரி' என்று ஒரு வார்த்தை எழுத்தில் வாங்கிக்கொள்வேன். இன்னொரு காரணமும் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து எழுதியவருக்குத்தான் சொந்தம். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில் இருக்க வேண்டும். நான் உரிமையே கேட்பதில்லை. 'என் வலைப்பூவில் போட்டுக்கொள்ளலாம், நீங்கள் வேறு எங்கு வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்' என்று எழுதி அனுப்பிச் சரி வாங்கிக்கொள்கிறேன்.

சில்லறை வேலைகள்

வேர்டிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். எழுத்தளவு, நிறம், இடைவெளி எல்லாக் குப்பையும் கூடவே வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெறும் எழுத்து மட்டும் ஒட்டும். பெரியவர்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் யூனிகோடாக மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருள் எனக்குப் போதும். மாற்றிய பிறகு ஒருமுறை வரிவரியாகப் பார்த்துவிடுங்கள்.

படத்தை வாட்ஸப்பில் சும்மா அனுப்பினால் அது சுருக்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். என் வலைப்பூ இருப்பது கூகுளின் பிளாக்கரில். தலைப்பைத் தமிழில் வைத்தால் பிளாக்கர் கொடுக்கும் முகவரியில் வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்றுதான் இருக்கும். வெளியிடும் முன்பே பெர்மாலிங்க்கில் ஆங்கில எழுத்தில் நாமே ஒரு முகவரி கொடுத்துவிட வேண்டும். நம் கணக்கிலிருந்து போட்டால் அடியில் நம் பெயர்தான் விழும். அதனால் எழுதியவர் பெயரும் இரண்டு வரி அறிமுகமும் முதலிலேயே வரட்டும்.

சாவியைக் கொடுக்கலாமா?

பிளாக்கரில் செட்டிங்ஸ், பெர்மிஷன்ஸ் போய் 'இன்வைட் மோர் ஆதர்ஸ்' தட்டி ஜிமெயில் முகவரி கொடுத்தால் அழைப்பு போகும். அவர் அந்த மெயிலைத் திறந்து ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு பேர் வரை சேர்க்கலாம். ஆனால் இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை: பிளாக்கரில் 'ஆதர்' ஆக வந்தவர் நம்மைக் கேட்காமலே வெளியிடலாம். எழுதி வைப்பார், நாம் பார்த்து வெளியிடுவோம் என்ற ஏற்பாடே அங்கே கிடையாது. பிளாக்கர் மாதிரியே இன்னொரு தளமான வேர்ட்பிரஸ்ஸில் உண்டு. 'கான்ட்ரிபியூட்டர்' என்று சேர்த்தால் எழுத மட்டும்தான் முடியும், வெளியிடுவது நம் கையில். என்ன, அவரால் படம் ஏற்ற முடியாது, படத்தை நாம்தான் ஏற்ற வேண்டும்.

நான் பழைய பதிவர் ஒருவருக்கு மட்டும் ஆதர் கொடுத்தேன். மற்றவர்களிடம் கூகுள் டாக்ஸிலோ வாட்ஸப்பிலோ வாங்கி நானே ஏற்றினேன். புதியவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாலே பயந்துவிடுகிறார்கள். 'அட்மின்' மட்டும் யாருக்கும் வேண்டாம், கூடப் பிறந்தவராக இருந்தாலும். அட்மினால் வலைப்பூவையே அழிக்க முடியும்.

நான் வழுக்கி விழுந்த இடம்

ஏப்ரல் முழுக்க ஞாயிறு காலையில் நானே பொத்தானை அழுத்தினேன். மே மாதத்துக்கு முடியாது என்று தெரிந்ததால் எல்லாவற்றையும் முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தேன். வலப்பக்கம் 'பப்ளிஷ்டு ஆன்' என்பதைத் திறந்து தேதியும் நேரமும் கொடுக்க வேண்டும், பிறகு பப்ளிஷ் அழுத்தினால் அது ஷெட்யூல்டு ஆகிவிடும். இஸ்திரிக் கடைத் தம்பியின் பதிவுக்கு மே 12, காலை 6:00 என்று கொடுத்தேன். அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் பதிவும் இறங்கட்டும் என்று எனக்கு ஆசை.

பேத்தி 9-ஆம் தேதியே வந்துவிட்டாள். 12-ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று போனைத் திறக்கிறேன், பதிவைக் காணோம். ஏழு மணி, காணோம். பக்கத்துக் கட்டில் அம்மாவின் போனில் அழகர் குதிரையில் வந்து இறங்கியே விட்டார். பத்து மணிக்குத் தம்பி கூப்பிட்டு, 'என்னக்கா, சொந்தக்காரய்ங்களுக்கெல்லாம் சொல்லிவச்சுட்டேனே' என்கிறார். குழந்தை அழுகிறாள், மகள் முறைக்கிறாள். சாயங்காலம் ஆறரைக்குப் பதிவு தானாக வந்து நின்றது. அதற்குள் ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீச்சியே முடித்திருந்தார்கள்.

பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். பிளாக்கர் நேரத்தை அமெரிக்க மேற்குக் கரைக் கணக்கில் வைத்திருந்தது. பதிமூன்று வருஷமாக நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, கையால் வெளியிடும்போது அதற்கு வேலையும் இல்லை.

செட்டிங்ஸில் கீழே வந்து 'ஃபார்மேட்டிங்' பகுதியில் 'டைம் ஸோன்' திறந்து, +05:30 என்று தொடங்கும் இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே நேரம் குறித்த பதிவுகள் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து மறுபடி சரிபாருங்கள். அப்புறம் 'சோதனை' என்று ஒரு வரி எழுதி, பத்து நிமிஷம் தள்ளி நேரம் குறித்துவிட்டுக் காத்திருங்கள். வந்ததும் அழித்துவிடலாம். இந்தப் பதிவில் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பின்னால் சேர்த்தது

தேனியிலிருந்து ஒருவர், 'எனக்குக் காலை ஆறு மணிப் பதிவு இரவு ஏழரைக்கு வந்தது, உங்கள் கணக்கு தப்பு' என்றார். அவர் போட்டது டிசம்பரில். அமெரிக்காவில் மார்ச்சிலிருந்து நவம்பர் வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பார்கள். அதனால் நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதிமூன்றரை. அவர் கணக்கும் சரி, என் கணக்கும் சரி.

இன்னொரு சிக்கல், என் அண்ணன் மகனால் வந்தது. சாமநத்தம் கண்மாய்ப் பறவைகளைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தான், நத்தைகுத்தி நாரை ஓட்டுக்குள்ளிருந்து நத்தையை எடுக்கிற விதமெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தது. ஐந்து படத்தில் ஒன்று மட்டும் அளவுக்கு மீறி அழகாக இருந்தது. 'இது நீ எடுத்ததாடா?' என்றால், 'நெட்ல கெடந்துச்சு அத்தை' என்கிறான். நெட்டில் கிடந்தாலும் எடுத்தவனுக்குத்தான் சொந்தம் என்று சொல்லி எடுத்துவிட்டேன். இப்போது படம் வாங்கும்போதே 'யார் எடுத்தது, எந்த நாள்' என்று கேட்டுவிடுகிறேன்.

'விருந்தினருக்குக் காசு தரணுமா' என்று ஒருவர் கேட்டிருந்தார். என் வலைப்பூவால் எனக்கே காசு கிடையாது. ஆளுக்கு ஒரு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். பூக்கார அக்கா மட்டும் சளி பிடிக்கும் என்று டீ கேட்டார்.

கருத்துகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். என் வலைப்பூவில் நான் பார்த்து அனுமதித்தால்தான் கருத்து வெளியே தெரியும். குழந்தைத் துணி துவைத்த நாட்களில் நாற்பதுக்கு மேல் தேங்கிக் கிடந்தது. அக்காவின் பதிவுக்கு வந்ததை எல்லாம் ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன். யாரோ 'ஒரு முழம் என்ன விலை?' என்று கேட்டிருந்தார்.

'என்னைக்கு வேணும்னு கேட்டுப் போடு' என்றார். போட்டிருக்கிறேன்.