மலையில் நடக்கும் நாவலுக்கு ஒரு நாள்காட்டி

நாவல் எழுதவென்று நீலகிரிக்கு வருகிறவர்கள், ஜன்னலைத் திறந்தால் தேயிலைத் தோட்டம் தெரிகிற அறையைத் தேடுகிறார்கள். தோட்டம் தெரியாவிட்டால் பரவாயில்லை. சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா என்று கேளுங்கள். ஒரு பெரிய தாளை மாட்டியாக வேண்டும். அதுதான் நாவலின் நாள்காட்டி.

நான் கோத்தகிரியில் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜெண்ட் ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். கொழுந்து மூட்டைகள் எடைக்கு வருவது மதியத்துக்கு மேல்தான், அதனால் காலைப் பொழுது என்னுடையது. அதில் பாதியை இந்தத் தாள் தின்றுவிடும்.

தாளின் இடது ஓரத்தில் கதை நடக்கும் ஆண்டுகளையும் மாதங்களையும் மேலிருந்து கீழாக எழுதுங்கள். அடுத்த கட்டத்தில், அந்த மாதம் மலையில் என்ன நடக்கும் என்பது. அதற்கப்புறம் முக்கியமான ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம்: அப்போது என்ன வயது, யார் வீட்டில் இருக்கிறார், கையில் காசு உண்டா, கடன் எவ்வளவு. பேனா வேண்டாம், பென்சிலால் எழுதுங்கள். முக்கால்வாசியை அழிக்க வேண்டிவரும்.

மலைக்கான கட்டத்தைத்தான் வெளியூர்க்காரர்கள் அவசரமாக நிரப்புகிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் 'பனி, குளிர்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இங்கே ஒரே மாவட்டத்துக்குள் மழைக்காலம் இரண்டு. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம் பக்கம் கொட்டித் தீர்க்கும். அதே வாரம் கோத்தகிரியில் துணி காயப்போடலாம். அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்கு மழை குன்னூரையும் கோத்தகிரியையும் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் பெரிய நிலச்சரிவுகள் வந்தது அந்த மழையில்தான். ஆகவே உங்கள் நாயகி ஜூலை மாதத்து மண்சரிவில் குன்னூரில் மாட்டிக்கொள்கிறாள் என்றால், ஒன்று அவளை நவம்பருக்குத் தள்ளுங்கள், இல்லை கூடலூருக்கு அனுப்புங்கள்.

மாதம் மாறினால் கதையும் கூடவே மாறும். நவம்பரில் கல்லாறு, குன்னூர் பாதையில் மண் விழுந்து மலை ரயில் நிற்பது சகஜம். அப்படியானால் மேட்டுப்பாளையத்திலிருந்து பணம் கொண்டுவரும் தம்பி பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ்ஸில் வந்தால் பர்லியாரில் டீ குடிக்க இறங்குவான். அங்கே அவன் யாரைப் பார்த்தான்? எனக்குப் பல அத்தியாயங்கள் இப்படித்தான் கிடைத்தன. (உத்வேகம் என்று பேசுகிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.) ஜனவரியும் அப்படித்தான். உறைபனி விழும், தேயிலை கருகும், எங்கள் கடைக்கு வரும் கொழுந்து குறையும், முன்பணம் கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். அந்த மாதத்தை ஒட்டி ஒரு சிறு விவசாயி வீட்டில் கல்யாணம் வைத்தால், காசு எங்கிருந்து வந்தது என்று நாவல் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆண்டுகளுக்கு வருவோம். மலை ரயில் குன்னூர்வரை வந்தது 1899இல், ஊட்டியை எட்டியது 1908இல். இடைப்பட்ட காலத்துக் கதை என்றால் துரையைக் குன்னூரில் இறக்கிவிடுங்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் பெருங்கூட்டமாக வந்தது 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு. அவர்களுக்காக அரசு தேயிலைத் தோட்டங்கள் போடத் தொடங்கியது 1968இல். 1958இல் ஒரு குடும்பத்தைக் கொண்டுவந்து டேன்டீ (அந்த அரசுத் தோட்டம்) லைன் வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் குடிவைக்க முடியாது. 1950களின் ஹட்டியை, அதாவது நீலகிரிப் படுகர் மக்களின் ஊரைச் சுற்றித் தேயிலையை மட்டும் விரித்து வைப்பதும் தப்பு. அன்று அங்கே உருளைக்கிழங்குக்குப் பெரிய இடம் இருந்தது. 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை விழுந்ததற்கு அப்புறம் நடக்கும் கதையில், கிலோ என்ன விலை என்று பேசாத வீடே இருக்கக் கூடாது. குறிஞ்சி பூக்காமல் மலை நாவலா என்பவர்களுக்கு: கொடைக்கானல் பக்கம் 2006, 2018. காதலை அதற்கேற்பத் தள்ளிப்போடுங்கள்.

பெரியவர்களிடம் விவரம் கேட்கும்போது 'அது எந்த வருஷம்?' என்று கேட்காதீர்கள், தோராயமாக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். 'அப்போ உங்க மூத்த பையன் எந்த கிளாஸ்?' என்று கேளுங்கள். அது மறக்காது. பையனின் பிறந்த வருஷத்தை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்த வீட்டுக்குப் போவதும் மூன்று மணிக்கு மேல் வேண்டாம். எடை போடும் நேரத்தில் நாவல்காரனுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

பேச்சு மொழிக்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். படுகர்கள் வீட்டுக்குள் பேசுவது படுகு, தமிழ் வெளியாட்களோடுதான். தாயகம் திரும்பியவர்களின் தமிழில் இலங்கை மலையகம் இருக்கும். கூடலூர் கடைத்தெருவில் பாதி மலையாளம். எழுதி முடித்த உரையாடலை அந்தந்த வீட்டு ஆள் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தையெல்லாம் மாற்றிவிடுங்கள், வாதாட வேண்டாம்.

ஈரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நோட்டுகளை வைக்கும் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பைத் தாளில் படாமல் எரியவிட்டால் பூஞ்சை பிடிக்காது. எழுதியதை அன்றன்றைக்கே ஈமெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். அதற்குப் புத்தகம் வர வேண்டுமென்றால் பிரதியைச் செப்டம்பருக்குள் பதிப்பகத்தில் சேர்த்துவிடுங்கள். அக்டோபருக்கு வைத்துக்கொண்டால் இங்கே மழை, கரண்ட் கட். யூனிகோடில் அடித்துக் கொடுங்கள், தமிழ்99 விசைப்பலகை பழகினால் கை வலி குறையும். ராயல்டி பத்து சதவீதம் என்பது பொதுவான வழக்கம். 300 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 15,000 ரூபாய், அதுவும் வருஷக் கணக்கு முடித்த பிறகுதான் கைக்கு வரும். கடைக் கணக்கு வேலையை நான் விடாததன் காரணம் புரிந்திருக்கும். நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணை கிடைத்தால் விற்பனை ஒரேயடியாகக் கூடும். அந்தப் பிரதிகளுக்கும் ராயல்டி உண்டா, எத்தனை சதவீதம் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.