மின்சைக்கிளோடு திருகோணமலை வருபவர்கள் விடும் பிழைகள்

சித்திரை கழிந்தால் உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் மின்சைக்கிள் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். தொடக்கத்தில் நாங்கள் பட்ட பாட்டையே அவர்களும் வரிசை பிசகாமல் படுகிறார்கள். ரயருக்குக் காற்றுப் பார், ஹெல்மெற் போடு என்பதையெல்லாம் யாரும் சொல்லுவார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன்.

பெட்டியில் உள்ள கிலோமீற்றரை நம்பி வாங்குவது

"80 கி.மீ. ஓடும்" என்று போட்டிருக்கும். எவ்வளவு நிறையான ஆளை ஏற்றி, எந்தக் காற்றில் என்று போட்டிருக்காது. பற்றரியின் வோல்ட்டை அம்பியர் அவரால் பெருக்குங்கள். 36 வோல்ட், 10 அம்பியர் அவர் என்றால் 360 வாட் அவர், அதுதான் பற்றரிக்குள் அடங்கும் மின்சாரம். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீற்றருக்குப் பத்து, பன்னிரண்டு வாட் அவர் செலவாகும். கால் வைக்காமல் ஹாண்டில் பிடியை முறுக்கிக்கொண்டே போனால் இருபதுக்குக் கிட்ட வந்துவிடும். ஆக 30 கி.மீ., சிலவேளை 18. ஆடி மாதம் கச்சான் காற்று எதிரே அடிக்கக் கந்தளாய்ப் பக்கம் ஓடினால் அதிலும் கழிவு விழும். நகரிலிருந்து கந்தளாய் ஏறக்குறைய 40 கி.மீ. நடுவழியில் பற்றரி செத்தால் 25 கிலோ இரும்பை உழக்கித்தான் போக வேண்டும்.

பெல்ட் கரியரில் கட்டுவது

இதைக் கண்டால் எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வரும். காரின் பின்கதவில் கொளுக்கி போட்டு பெல்ட்டால் இறுக்கும் கரியர் சாதாரண சைக்கிளுக்காகச் செய்தது. சைக்கிள் ஒன்றுக்கு 15 கிலோ என்று பலவற்றில் சின்ன எழுத்தில் இருக்கும். மின்சைக்கிள் 20 கிலோவுக்குக் குறைவது அரிது. "ரெண்டு சைக்கிள் ஏத்துற கரியர்தானே அண்ணை, நான் ஒண்டைத்தானே ஏத்தினனான்" என்று ஒரு விளக்கம் வேறு. இரண்டு சைக்கிளின் பாரத்தைப் பங்குபோட்டுத் தாங்கச் செய்ததில் முழுப் பாரத்தையும் ஓரிடத்தில் தொங்கவிட்டால் அந்தக் கணக்குச் சரிவராது.

வீட்டு வாசலில் ஆட்டிப் பார்த்தால் அசையாது. பள்ளத்தில் விழுந்தெழும்பும் ஒவ்வொரு தடவையும் பெல்ட் ஒரு நூல் தளரும், சைக்கிள் ஒரு நூல் இறங்கும். கொழும்பிலிருந்து வந்த தம்பி ஒருவருக்கு ஹபரணை தாண்டிய பிறகு பின்சில்லு சைலன்சருக்கு நேரே வந்து நின்றிருக்கிறது. இங்கே இறக்கும்போது ரயரின் ஒரு பக்கம் உருகி வழிந்து இறுகியிருந்தது. கொளுக்கி பின்கதவின் விளிம்பைக் கடித்து, பெயின்ற் உரிந்து, தகடு நெளிந்துவிட்டது. மோட்டருக்குப் போகும் வயரும் வெந்துபோயிருந்தது. ரயர் சில்லறைச் செலவு. மோட்டர் பின்சில்லுக்குள் இருப்பதால் அந்த வயர் அச்சுக்குள்ளால் வருவது, மாற்றுவதென்றால் மோட்டரையே பிரிக்க வேண்டும். விற்றவர் "தாராளமாத் தாங்கும்" என்றாராம். தாராளம் அவருடைய வாயில்தான்.

வான் இருந்தால் சீற்றை மடித்து, முன்சில்லைக் கழற்றி, செயின் உள்ள பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வையுங்கள். எண்ணெய் (ஹைட்ரோலிக்) பிரேக் என்றால் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் மடித்த காட்போட் துண்டு ஒன்றைச் செருகுங்கள், இல்லாவிட்டால் யாராவது கைபட்டு பிரேக்கை அழுத்த, கட்டை இரண்டும் ஒட்டிக்கொள்ளும். வான் இல்லையா, 'பட்டா' என்கிற சின்ன லொறி ஒன்றைப் பிடித்து நிமிர்த்திக் கட்டுங்கள். கயிறு சட்டத்தில் விழ வேண்டும், ஹாண்டிலில் அல்ல. எதில் ஏற்றினாலும் பற்றரியைக் கழற்றிவிட்டு ஏற்றுங்கள். இரண்டு மூன்று கிலோ குறையும். பற்றரி இருந்த இடத்தில் தெரியும் செப்பு முனைகளைப் பொலித்தீன் சுற்றி ஒட்டிவிட்டால் மழைக்கும் பயமில்லை.

பற்றரியைக் காருக்குள் அவியவிடுவது

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வரும்வரை வெயிலில் பூட்டிய காருக்குள் அது கிடக்கக் கூடாது. தொட்டால் சுடுகிற பற்றரிக்கு சார்ஜரும் போடக் கூடாது.

ஈர மணலில் ஓடுவது

வேண்டாம். உப்பைப் போக்க பிரஷரில் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். ஈரத்துணி போதும்.

லண்டன் மச்சான் கொண்டுவருவார் என்று காத்திருப்பது

சைக்கிள் வரலாம், பற்றரி வராது. 160 வாட் அவருக்கு மேற்பட்ட சைக்கிள் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் விடமாட்டார்கள்.

பின்சில்லைக் கழற்றிப் பழகாமல் புறப்படுவது

பின்சில்லுக்குள் மோட்டர் இருந்தால் சாதாரண சைக்கிள் மாதிரி இழுத்து எடுக்க முடியாது. குச்சவெளி வீதியில் உடைமுள் ஏறினால், ஒட்டுப் போடுகிறவர் வயரைக் கண்டதும் கையை எடுத்துவிடுவார். வாங்கும் அன்றே கடையில் உங்கள் கண் முன்னால் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். வயர் இணைப்பை எங்கே பிரிப்பது, அச்சில் இருக்கும் பல்லு வொஷர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த வொஷரை விட்டுவிட்டுப் பூட்டினால் அச்சுச் சுழன்று வயரை முறுக்கி அறுத்துவிடும். நட்டுக்கு அனேகமாக 18 ஆம் நம்பர் ஸ்பானர் பிடிக்கும். கொண்டு வராதவர்களுக்கு என்னிடம் இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்குக் கடை பூட்டிவிடுவேன்.