பழைய ஜப்பானிய உரைநடை: படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஜப்பானிய உரைநடையைப் படிக்க வருபவர்களுக்கு முதலில் கிடைப்பது ஓர் அட்டவணை. மொனொகதாரி என்றால் கதை, நிக்கி என்றால் நாட்குறிப்பு, ஸுய்ஹித்ஸு என்றால் மனம் போன போக்கில் எழுதியது, செத்ஸுவா என்றால் சிறு கதைகளின் தொகுப்பு. தேர்வு எழுத இது போதும். நூலைத் திறந்த பிறகும் அட்டவணையையே நம்பிக்கொண்டிருந்தால் குழப்பம்தான். இவற்றில் பல, நூல்கள் எழுதப்பட்டு நூற்றாண்டுகள் கழித்து அறிஞர்கள் வகுத்த பிரிவுகள்.

அதிகம் பேர் வழுக்குவது நிக்கியில். நாட்குறிப்பு என்றதும் அன்றன்று நடந்ததை அன்றன்று எழுதியது, எல்லாம் அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்கிறார்கள். தோசா நிக்கியைப் பாருங்கள். தோசா மாகாண ஆளுநராக இருந்த கி நோ த்ஸுராயுகி, பதவிக்காலம் முடிந்து 934 இறுதியில் தலைநகருக்குக் கிளம்பினார். அந்தப் பயணம்தான் நூல். ஆனால் எழுதுவது ஒரு பெண் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்! அன்றைய அதிகாரிகள் தங்கள் குறிப்புகளைச் சீன நடையில் எழுதுவது வழக்கம். பெண் குரலை எடுத்துக்கொண்டதால் ஜப்பானிய மொழியிலேயே, கவிதைகளோடு, தோசாவில் இறந்துபோன சிறுமிக்காக அழவும் அவரால் முடிந்தது.

ககெரோ நிக்கி 954 முதல் 974 வரையிலான ஒரு திருமண வாழ்க்கையைச் சொல்கிறது. எழுதியவரின் பெயர்கூட நமக்குத் தெரியாது, மிச்சித்ஸுனாவின் தாய் என்றுதான் குறிப்பிடுகிறார்கள். அதன் முதல் பகுதி பின்னாளில் நினைத்துப் பார்த்து எழுதியது. இஸுமி ஷிகிபு நிக்கியோ நாயகியை வெறுமனே ‘பெண்’ என்று படர்க்கையில் பேசுகிறது. இஸுமியே எழுதினாரா என்பதிலேயே சந்தேகம் உண்டு. இவற்றை ஆவணமாக வைத்து வரலாறு எழுதப் புறப்படக் கூடாது. அசல் அன்றாடக் குறிப்புதான் வேண்டுமென்றால் ஃபுஜிவாரா நோ மிச்சினாகா எழுதிய மிதோ கன்பகுகி இருக்கிறது. அவருடைய கையெழுத்துச் சுருள்களே இன்றும் உள்ளன. நிக்கிகளின் சுவையை அதில் எதிர்பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

மொனொகதாரி என்ற பெயரும் இதேபோல ஏமாற்றும். கொன்ஜாகு மொனொகதாரிஷூ உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதைகள் கொண்ட செத்ஸுவா தொகுப்பு. அதன் முதல் 5 சுருள்கள் இந்தியாவைப் பற்றியவை. தன்னையே உணவாகத் தர நெருப்பில் குதித்த முயலின் ஜாதகக் கதையை (புத்தரின் முற்பிறப்புக் கதை) அங்கே பார்க்கலாம். ஹெய்கே மொனொகதாரியை மௌனமாகப் படிக்கும் நாவலாக நினைத்தால், திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரியான தொடர்கள் சலிப்பூட்டும். அது பிவா என்ற நரம்புக் கருவியை மீட்டி, பார்வையற்ற துறவிகள் பாடிச் சொன்ன போர்க்கதை. இன்று பரவலாகப் படிக்கப்படும் வடிவம், 1371-ல் ககுஇச்சி என்ற கலைஞர் சொல்ல எழுதிவைக்கப்பட்டது.

அடுத்தது கவிதைகளைத் தாண்டிக் குதிப்பது. உரைநடை படிக்கத்தானே வந்தோம் என்பார்கள். சரி, ஆனால் இஸே மொனொகதாரியின் வழக்கமான பதிப்பில் 125 பகுதிகளில் 209 கவிதைகள். அங்கே உரைநடை கவிதைக்கு மேடை கட்டத்தான் வருகிறது. பேரரசரின் மகன் கென்ஜியைப் பற்றிய நெடுங்கதையான கென்ஜி மொனொகதாரியின் 54 அத்தியாயங்களில் 795 கவிதைகள். காதலும் ஊடலும் மன்னிப்பும் அவற்றின் வழியாகவே நடக்கின்றன. ஒரு கவிதையை விட்டால் ஒரு பதிலை விட்டதாகிவிடும்.

பதிப்பு விஷயத்தில் இருக்கும் அலட்சியம்தான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. அரண்மனைப் பணிப்பெண்ணான செய் ஷொனகொனின் ஸுய்ஹித்ஸு நூல் மகுரா நோ சோஷியில் பட்டியலும் அரண்மனைச் சம்பவமும் மாறி மாறி வருவதைக் காட்டி, அவர் மனம் தாவும் விதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த நூலின் கையெழுத்துப் பிரதிகள் பகுதிகளின் வரிசையிலேயே வேறுபடுகின்றன. மாஏதா பிரதியில் ஒரே மாதிரியானவை தனித்தனியாகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பிரதியைப் படித்தோம் என்று பார்க்காமல் வரிசையை வைத்து வாதம் கட்டவே கூடாது.

இன்றைய ஜப்பானிய மொழி தெரிந்தால் மூலத்தைப் படித்துவிடலாம் என்பதும் தப்புக்கணக்கு. எழுவாய் பல இடங்களில் இருக்காது, வினையில் ஏறியிருக்கும் மரியாதையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்களும் பெரும்பாலும் பதவியால்தான் சுட்டப்படுகிறார்கள். பதவி உயர்ந்தால் அழைப்பும் மாறும். கென்ஜியின் நண்பர் தோ நோ சூஜோவின் ‘பெயர்’ கதைத் தொடக்கத்தில் அவர் வகித்த பதவிதான். மொழிபெயர்ப்பாளர்கள் இதைச் சமாளிக்க நிலையான பெயர்களைப் பயன்படுத்துவதுண்டு. ஆர்தர் வேலியின் கென்ஜி ஆங்கில மொழிபெயர்ப்பில் 38-ஆம் அத்தியாயமே இல்லை. அதனால் மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் ஒரே கையை நம்பாமல் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூலத்தில் இறங்குபவர்கள் கென்ஜியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூங்கில் வெட்டுபவரின் கதையான தகெதோரி, அல்லது கமோ நோ சோமெய் 1212-ல் எழுதிய ஹோஜோகி. இரண்டுமே சிறியவை.