பனிக்காலத்துல நிறுத்தி வச்ச கேம்பர் டிரெய்லருக்குள்ள எலி வராம பண்ணது - என் அனுபவம்

டிசம்பர் ஜனவரில கோத்தகிரி பக்கம் உறைபனி விழ ஆரம்பிச்சா சுண்டெலிக்கு கதகதப்பா ஒரு இடம் வேணும், ஷெட்ல சும்மா நிக்கற கேம்பர் டிரெய்லர்னா (காருக்கு பின்னாடி இழுத்துட்டு போற, உள்ள தங்கற வசதி உள்ள வண்டி) அதுக்கு கொண்டாட்டம், மெத்தை ஸ்பாஞ்ச கடிச்சு கூடு கட்டி வயரையும் விடாது. மருந்து வைக்கறதுல எனக்கு உடன்பாடே இல்ல, வண்டியோட சுவர் பேனலுக்குள்ள போய் எலி செத்தா நாத்தம் லேசுல போகாது, அந்த எலிய தின்னுட்டு பாவம் ஆந்தையும் சாகும்.

ஓட்டைய அடைக்கறதுதான் வழி. ராத்திரி உள்ள எல்லா லைட்டையும் போட்டுட்டு வெளிய வந்து வண்டிக்கு அடியில படுத்து பாருங்க, எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ அதெல்லாம் எலிக்கு பாதை. பென்சில் நுழையற அளவு, ஒரு 6 மி.மீ. இருந்தாலே சுண்டெலிக்கு போதும். என் வண்டில சிங்க் பைப் இறங்கற இடத்துலயும் வயர் கொத்தா போற ஓட்டையிலயும் கசிஞ்சது, ஓரத்துலயே கறுப்பு அரிசி மாதிரி புழுக்கை.

ஓட்டைய அடைக்க ஸ்டீல் ஊல் (மெல்லிசு இரும்பு நார்) வச்சா நம்ம மலை ஈரத்துக்கு துருப்பிடிச்சு உதிர்ந்துடும், அதனால பாத்திரம் தேய்க்கற எவர்சில்வர் நாரை இறுக்கி திணிச்சு மேல சிலிக்கோன் பசை போட்டேன். கேஸ் வென்ட்ட (கேஸ் வெளிய போறதுக்கான துளை) மட்டும் அடைக்கவே கூடாது, அதுக்கு கண் கால் இஞ்சுக்கும் சின்னதா இருக்கற கம்பி வலை. யூகலிப்டஸ் தைலத்த நம்பாதீங்க, வாசனை பறந்ததும் எலி திரும்ப வரும். இப்போ சுத்தமா வரத்து நின்னுபோச்சு.

பழைய புழுக்கைய காஞ்சபடியே கூட்டாதீங்க, மாஸ்க் போட்டுட்டு ப்ளீச்சிங் தண்ணி தெளிச்சு ஊறவிட்டு துடைச்சு எடுங்க.